புகை போன வழியைப் பாருங்கள்

வீடும் வாசலும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்து போய்த் திரும்பியவர்களுடையவை. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மா அப்பாக்களுக்கு லண்டனைச் சுற்றிக் காட்டி முடிந்ததும், மகனோ மருமகளோ ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றி, நாட்டுப்புறத்துப் பழைய மேனர் வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே குடும்பக் கதை நிறையச் சொல்கிறார்கள். வீடு ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்பது மட்டும் கேள்வியாகவே நின்றுவிடுகிறது. எனக்கு இதைவிடப் பிடித்த விடயம் கிடையாது. மொறட்டுவையில் கட்டடக்கலை படித்த பிறகு, ஷ்ரொப்ஷயரில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஓர் அலுவலகத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். அங்கே கற்றதை வைத்துத்தான் இன்றும் கொழும்பில் தொழில் செய்கிறேன். ஆகவே இந்த இதழில் எனக்குரிய இடம் முழுவதும் மேனர் வீடுகளுக்கே.

கேள்வி: மகள் எங்களைக் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஐட்டம் மோட் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனாள். சுற்றிவர அகழி, கல்பாலம், கோபுரவாசல் எல்லாம் இருந்தன. ஆனால் அது கோட்டை இல்லையாம், மேனர் வீடாம். என்ன வித்தியாசம்?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வெள்ளவத்தை)

கோட்டை படைக்காகக் கட்டியது. மேனர் வீடு நிலத்துக்காகக் கட்டியது. மேனர் என்றால் ஒரு பிரபுவின் கையில் இருந்த நிலப்பரப்பு: அவருடைய சொந்த வயல், குடியானவர்கள் பயிரிட்ட வயல், மேய்ச்சல் நிலம், மாவரைக்கும் ஆலை, பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு தேவாலயம். அந்த நிலத்தில் வரும் குத்தகைக் கணக்கு, எல்லைத் தகராறு, அபராதம் எல்லாவற்றையும் விசாரிக்கிற மன்றும் ஒன்று இருந்தது. அது கூடியது பெரும்பாலும் பிரபுவின் வீட்டுக் கூடத்தில். ஒரே கூரையின் கீழ் குடியிருப்பு, கந்தோர், நீதிமன்றம் மூன்றும் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அகழி எதற்கு? கள்ளனைத் தடுக்கும், மீன் வளர்க்கலாம், ஈரநிலத்துத் தண்ணீர் வடியும். எல்லாவற்றையும்விட, நாலுபேர் பார்க்கும்போது வீட்டுக்காரருக்குக் கௌரவம். கௌரவம்தான் முக்கியம் என்பதற்கு ஷ்ரொப்ஷயரின் ஸ்டோக்சேயைச் சொல்லலாம். பெயரில் 'கோட்டை' ஒட்டியிருந்தாலும் அது மேனர் வீடுதான். கட்டியவர் லட்லோ ஊரின் கம்பளி வியாபாரி லோறன்ஸ். மதிலுக்குப் போர்முகப்பு (கோட்டை மதிலின் உச்சியில் பல்வரிசைபோல் இடைவெளி விட்டுக் கட்டுவது) வைக்க 1291-இல் அரசனிடம் அனுமதி வாங்கினார். மதில் வைத்தார், கோபுரமும் வைத்தார். ஆனால் கூடத்துக்கு வைத்த யன்னல்களைப் பார்த்தால் ஆள் நுழையும் அளவு! முற்றுகையை உண்மையாகவே எதிர்பார்த்தவர் அப்படி யன்னல் வைத்திருக்கமாட்டார்.

நீங்கள் பார்த்த ஐட்டம் மோட் 1320-களில் தொடங்கி, நடுவில் ஒரு முற்றத்தை விட்டுச் சுற்றிவர அறை அறையாக வளர்ந்த வீடு. அந்த முற்றத்தில் மரத்தால் செய்த பெரிய நாய்க்கூடு ஒன்று இருந்திருக்குமே? 1890-களில் ஒரு சென்ற் பேர்னாட் நாய்க்காகச் செய்தது. அதற்கும் நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரமான முதலாம் தரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: பென்ஸ்ஹேர்ஸ்ட் பிளேஸ் வீட்டின் பெரிய கூடத்தில் நின்று கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தேன். இடையில் ஒரு தளம் போட்டிருந்தால் எத்தனை அறைகள் கிடைத்திருக்கும்! இவ்வளவு உயரத்தையும் ஏன் சும்மா விட்டார்கள், அக்கா?
(ஆசிரியை, பம்பலப்பிட்டி)

அந்த உயரம் புகைக்கு. நீங்கள் மேலே பார்த்தீர்கள்; தரையின் நடுவே எட்டு மூலையாகக் கல் விளிம்பு கட்டிய ஓர் இடம் இருந்ததைக் கவனித்தீர்களா? அதுதான் அடுப்பு, குளிர் காய்வதற்கு. 1341-இல் லண்டன் வணிகர் சேர் ஜோன் புல்ட்னி அந்தக் கூடத்தைக் கட்டியபோது சுவரில் புகைபோக்கி வைக்கவில்லை. விறகு தரையின் நடுவிலேயே எரிந்தது. புகை மேலே ஏறி, சுமார் 60 அடி உயரத்தில் உள்ள செஸ்ட்நட் மரக் கூரைக்குள் தங்கி, முகட்டில் விட்டிருந்த திறப்பால் மெல்ல வெளியேறியது. கூரை தாழ்ந்திருந்தால் கீழே மனிதர் இருந்திருக்க முடியாது. இடையில் தளம் போட்டிருந்தால் புகை போக வழியே இல்லை.

மேனர் வீடு ஒன்றைப் புரிந்துகொள்ள என்னிடம் இருப்பது ஒரே ஒரு திறவுகோல்தான்: இந்த வீட்டில் புகை எந்த வழியால் போனது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

தீ ஒன்றே ஒன்று. ஆகவே எல்லாரும் அதைச் சுற்றித்தான். பிரபு, அவருடைய குடும்பம், கணக்குப்பிள்ளை, வேலைக்காரர், வழிப்போக்கர் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். பலர் அங்கேயே படுத்தார்கள். ஆனால் ஒரே கூடம் என்பதற்காக எல்லாரும் சமம் என்று நினைக்கவேண்டாம். கூடத்தின் ஒரு முனை மேல்முனை. அங்கே தரை ஒரு படி உயர்ந்திருக்கும், பிரபுவின் மேசை குறுக்கே போட்டிருக்கும். பிந்திய காலத்து வீடுகளில் அந்த மேசைக்கு வெளிச்சம் வரப் பக்கத்தில் பெரிய யன்னலும் இருக்கும். மறுமுனை கீழ்முனை. வெளிக்கதவு அங்கேதான். குளிர்காற்று நேரே உள்ளே அடிக்காமல் இருக்க ஒரு மரத்தடுப்பு. அந்தத் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக மூன்று வாசல்கள்: ஒன்று பானங்கள் வைக்கும் அறைக்கு, ஒன்று பாண் வைக்கும் அறைக்கு, நடுவில் உள்ளது குசினிக்குப் போகும் வழிக்கு. குசினியில் தீப்பிடிக்கும் பயம் அதிகம்; அதனால் அதை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டினார்கள். சாப்பாடு மேல்முனைக்கு வந்து சேர்வதற்குள் ஆறித்தான் போயிருக்கும்.

இந்த மூன்று வாசல்களையும் ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், பிறகு எந்த மேனர் வீட்டுக்குள் போனாலும் உங்களுக்கு வழி தப்பாது. பின்னாளில் சுவர் எழுப்பி மூடியிருந்தாலும், சாந்துப் பூச்சின் அடியில் வளைவுகள் தெரியும்.

அப்புறம் குடும்பம் மெதுவாகக் கூடத்தை விட்டு விலகத் தொடங்குகிறது. முதலில் போனது பிரபு. மேல்முனைக்குப் பின்னால் மாடியில் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டார். ஸ்டோக்சேயில் அந்த அறைக்குப் போக வெளிப்புறப் படிக்கட்டுத்தான்; மழை பெய்தால் நனைந்துகொண்டே ஏறவேண்டும். ஆனால் கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. அந்த அறையில் குளிர் காயத் தீ மூட்டும் கணப்புக்கு இரு பக்கமும் சுவரில் சிறிய துவாரங்கள் விட்டிருக்கிறார்கள், கண்ணை வைத்தால் கூடம் தெரியும். வில்ட்ஷயரில் 1465 தொடக்கம் 1480 வரை கட்டிய கிரேட் சால்ஃபீல்ட் வீட்டில் இதை இன்னும் வடிவாகச் செய்திருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் உயரத்தில் கல்முகங்கள் பதித்திருக்கும். கீழிருந்து பார்த்தால் அலங்காரம். கிட்டப் போனால்தான் தெரியும், அவற்றின் கண்களைக் குடைந்து விட்டிருக்கிறார்கள். முகத்துக்குப் பின்னால் மாடியறையில் நிற்பவர் கீழே சாப்பிடுபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு புகைபோக்கி வந்தது. பெரிய இடங்களில் முன்பே இருந்ததுதான். 16-ஆம் நூற்றாண்டில் செங்கல் மலிந்ததும் சாதாரண மேனர் வீடுகளுக்கும் பண்ணைவீடுகளுக்கும் பரவியது. எசெக்ஸ் கிராமம் ஒன்றில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹரிசன், தங்கள் காலத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று இவ்வளவு புகைபோக்கிகள் எழும்பியது என்று ஊர்க் கிழவர்கள் சொன்னதை 1577-இல் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கிழவர்கள் சரியாகத்தான் கண்டார்கள். தீ சுவருக்குள் போய்விட்டால் கூடத்துக்கு உயரம் தேவையில்லை. உயரம் தேவையில்லை என்றால் நடுவில் தளம் போடலாம். தளம் போட்டால் மேலே அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு. நீங்கள் கேட்ட அறைகள் எல்லாம் அப்போதுதான் வந்தன.

அப்படி மாற்றிய வீடுகளில் பழைய கூடம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெள்ளை அடித்த, தாழ்ந்த உட்கூரை போட்ட ஒரு சாதாரணப் படுக்கையறை. அதற்கு மேலே கூரைக்குள் ரோர்ச்சுடன் தவழ்ந்து போனால், தீராந்திகளும் வளைகளும் கன்னங்கரேல் என்று இருக்கும். நெருப்புப்பிடித்துக் கருகிய கறுப்பு வேறு. அதில் மரம் வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். இது மினுங்கும், தார் பூசியதுபோல் வழவழப்பாக இருக்கும், விரலை வைத்தால் ஒட்டும். தலைமுறை தலைமுறையாக ஏறிய புகை. கூரையின் ஒரு பகுதியில் கறுப்பும் அடுத்த பகுதியில் வெறும் மரநிறமும் இருந்தால், கூடம் எங்கே முடிந்து அறை எங்கே தொடங்கியது என்று அங்கேயே கோடு கிழித்துவிடலாம். வீட்டுப் பத்திரங்களில் எங்கும் இராத விபரம் அது.

கூடத்தின் கதை முடிகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சமர்செட்டில் 1600-ஐ ஒட்டிக் கட்டிய மொன்டக்யூட் வீட்டின் முகப்பு இடமும் வலமும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்கும், கதவு நடுவில். உள்ளே போனால் கூடம் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. பழைய ஒழுங்கை விட மனமில்லாமல் புதிய முகப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். டேர்பிஷயரின் ஹார்ட்விக் ஹோலில், 1590-களில், கட்டடக் கலைஞர் றொபேட் ஸ்மித்சன் ஒரு படி மேலே போய்க் கூடத்தையே திருப்பி, வாசலில் இருந்து நேரே உள்ளே ஓடும்படி வைத்தார். அதோடு கூடம் நடந்து கடக்கிற இடமாகிவிட்டது.

கேள்வி: செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹோல் படத்தை மகன் அனுப்பியிருந்தான். கறுப்பு வெள்ளைக் கட்டம் கட்டமாக, ஒரு சுவராவது நேராக இல்லை. விழுந்துவிடாதா?
(மரக்காலை உரிமையாளர், கொட்டாஞ்சேனை)

மரம் தெரிந்தவர் கேட்கிறீர்கள், விபரமாகவே சொல்கிறேன். அந்தக் கறுப்புச் சட்டங்கள்தான் வீடு. வெள்ளைப் பகுதி வெறும் நிரப்பல்: குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, சுண்ணாம்பு அடித்தது. பாரம் முழுவதும் ஓக் சட்டத்தில். ஒரு மரத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் சொருகி, குறுக்கே துளைத்து ஓக் மர ஆணி அடிப்பார்கள்.

நீங்கள் மரத்தைக் காயவைத்துத்தான் விற்பீர்கள். அவர்கள் ஓக்கைப் பச்சையாகவே அறுத்துப் பூட்டினார்கள். காய்ந்த ஓக் இரும்புபோல் இறுகிவிடும், உளி ஏறாது. பச்சை மரம் கூட்டிய பிறகு இருந்த இடத்திலேயே காய்ந்து, சுருங்கி, முறுகும். பொருத்துகள் மர ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கோணல் என்பது பெரும்பாலும் வீட்டின் முதல் சில வருடங்களில் வந்தது. அதற்குப் பிறகு நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது. பச்சையாகப் பூட்டியதில் எங்களுக்கும் ஒரு லாபம் உண்டு: மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அது எந்த வருடம் வெட்டப்பட்டது என்று கண்டால், வீடு கட்டிய காலமும் ஏறக்குறைய அதுவே.

லிட்டில் மோர்ட்டனில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. வீடு 1500-களின் தொடக்கத்தில் எழும்பத் தொடங்கியது. 1560-களில், மழைநாளில் உள்ளேயே உலாவுவதற்கு மேலே ஒரு நீண்ட மாடம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, கட்டிக்கொண்டிருந்த பகுதிக்கு மேல் ஏற்றினார்கள். அதற்குக் கூரை கனமான கற்பலகை. கீழ்த்தளங்கள் அந்தப் பாரத்தில் நெளிந்தன. படத்தில் நீங்கள் காண்பது அந்த நெளிவைத்தான்.

கறுப்பு நிறம் பிந்தி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் பல வீடுகளுக்குத் தார்க்கறுப்பு அடித்தார்கள். அதற்கு முன் ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, அல்லது சுவரோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. அந்தச் சாம்பல் நிறம்தான் எனக்கு அழகு.

கேள்வி: பழைய வீடுகளில் சில யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்களே, வரிக்குப் பயந்து என்பது உண்மையா?
(உயர்தர மாணவி, தெஹிவளை)

உண்மைதான் தங்கச்சி, ஆனால் பாதி உண்மை. 1696 தொடக்கம் 1851 வரை யன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது, பலர் அடைத்தார்கள். ஆனால் முகப்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற ஆசையில், உள்ளே படிக்கட்டோ கணப்போ வருகிற இடத்தில் ஆரம்பத்திலேயே பொய் யன்னல் வைத்த வீடுகளும் நிறைய. எப்படிப் பிரித்தறிவது? அடைத்த செங்கல்லும் சுற்றுச் சுவர்ச் செங்கல்லும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வரிசை என்றால், அது பிறக்கும்போதே பொய் யன்னல்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு செய்யத் தெரியாது. சிறு சிறு துண்டுகளை ஈயப் பட்டிகளால் கோர்த்தார்கள். டேர்பிஷயரின் ஹடன் ஹோலில் உள்ள நீண்ட மாடத்துக்குப் போகக் கிடைத்தால், யன்னலுக்குச் சரியாக எதிரே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். கண்ணாடிப் பலகைகள் ஒன்று வெளியே தள்ளி, ஒன்று உள்ளே சாய்ந்து, அலை அலையாக நிற்கும். ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வேறு கோணத்தில் உள்ளே விடும்.

கேள்வி: கத்தோலிக்கக் குருமாரை ஒளித்துவைக்க மேனர் வீடுகளில் இரகசிய அறைகள் கட்டினார்களாமே. அவற்றைப் பற்றிச் சொல்வீர்களா?
(கொச்சிக்கடை வாசகர்)

முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் குருமார் இங்கிலாந்துக்குள் வருவதே மரணதண்டனைக் குற்றம். பழைய விசுவாசத்தில் நின்ற நாட்டுப்புறக் குடும்பங்கள் அவர்களை வீட்டில் வைத்துப் பூசை கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1687-இல் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கி, ஒல்லாந்தர் கண்ணில் படாமல் வீடு வீடாக மறைந்து பணி செய்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாற்றை அறிந்த உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஒளிவிடம் கட்டுவதில் பேர்போனவர் நிக்கலஸ் ஓவன் என்ற தச்சர். பகலில் வீட்டில் ஏதோ பழுதுபார்க்கிறவர்போல் வேலை செய்து, இரவில் தனியாகச் சுவரைக் குடைந்தவர். அவருடைய கெட்டித்தனம், தேடி வருபவன் சந்தேகப்படாத இடத்தைத் தெரிவு செய்ததில் இருக்கிறது: படியின் அடியில், கணப்பின் பின்னால், பழைய மலக்குழாயின் உள்ளே. வோர்விக்ஷயரின் பட்ஸ்லி கிளின்டன் என்ற அகழி வீட்டில் 1591 ஒக்டோபரில் தேடுதல் நடந்தபோது, குருமார் சிலர் பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தில் கணுக்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று தப்பினார்கள். ஓவன் 1606-இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். தான் கட்டிய ஓர் இடத்தையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. ஒரு தச்சரின் கைவேலையை நான் வணங்குவதென்றால் அது இவருடையதைத்தான்.

கேள்வி: ஹப்புத்தளை அடிஷாம் மாளிகையும் நுவரெலியா தபாற்கந்தோரும் மேனர் வீட்டுப் பாணிதானே? இங்கிலாந்து போகாமலே இங்கேயே பார்த்துவிடலாமா?
(கிருலப்பனை வாசகி)

பாணி அதுதான். அடிஷாமைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ், 1931-இல். கென்டில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வைத்தார். கருங்கல் சுவர், உயர்ந்த புகைபோக்கிகள், சிறு சட்ட யன்னல்கள் எல்லாம் கவனமாகச் செய்த வேலை. இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகள் இருக்கிறார்கள், நன்றாகப் பேணுகிறார்கள். போய்ப் பாருங்கள், ஹப்புத்தளைக் குளிரில் அந்தக் கணப்புகளுக்கு வேலையும் இருந்தது. ஆனால் அது ஒரே மூச்சில், ஒரே வரைபடத்தில் கட்டிய வீடு. அசல் மேனர் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் இடித்ததும் ஒட்டியதும் சுவரில் தெரியும். அந்தத் தையல்களை இங்கே காண முடியாது.

நுவரெலியாத் தபாற்கந்தோர் 1894-இல் கட்டிய செங்கற் கட்டடம். மணிக்கூட்டுக் கோபுரத்தோடு அழகாகத்தான் இருக்கிறது. அந்த ஊரில் கறுப்புச் சட்டம் போட்ட மற்றக் கட்டடங்களைப் பார்க்கும்போது, கிட்டப் போய் மர ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி இல்லாமல் பலகை சுவரோடு தட்டையாக ஒட்டியிருந்தால், பாரத்தைத் தாங்குவது பின்னால் உள்ள செங்கல்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் நாற்சார் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுவரின் அடிப்பக்கம் ஈரம் ஊறி உதிர்கிறது. முழுவதையும் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூசினால் நூறு வருடம் நிற்கும் என்று மேசன் சொல்கிறார். பூசலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

பூசவேண்டாம் ஐயா. தயவுசெய்து வேண்டாம். இந்த விடயத்தில் இங்கிலாந்து பட்ட பாட்டை நாங்களும் படவேண்டியதில்லை.

பழைய சுவருக்குள் ஈரம் வருவது இயற்கை. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை மெதுவாக வெளியே விடும்; சுவர் நனையும், காயும். சீமெந்து பூசினால் முதல் இரண்டு வருடம் பார்க்க நன்றாக இருக்கும். பிறகு மயிரிழை வெடிப்பு வரும், அதனால் மழைத்தண்ணீர் உள்ளே போகும், போனது திரும்பி வர வழியில்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, கல்லின் முகத்தையே தள்ளி உரித்துவிடும். கடைசியில் சீமெந்து தகடு தகடாக விழும்போது கல்லும் சேர்ந்து வரும். கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தையில் நானே இப்படி உரிந்த சுவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் கடந்த நூற்றாண்டில் மேனர் வீடுகளின் கல் இடைவெளிகளுக்குச் சீமெந்து அடைத்தார்கள். இன்று பொறுமையாக உளி வைத்து அதைக் கிண்டி எடுக்கிறார்கள். ஓக் சட்டத்துக்குப் பக்கத்தில் பூசியதில் மரமே உக்கிப்போயிற்று.

சுரண்டுவதற்கு எதிராக அங்கே ஓர் இயக்கமே பிறந்தது. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொறிஸ், ஒக்ஸ்போட்ஷயரின் கெல்ம்ஸ்கொட் மேனரை 1871-இல் வாடகைக்கு எடுத்து, 1896-இல் இறக்கும்வரை வைத்திருந்தவர். அந்த வீட்டுக் கூரையின் கற்பலகைகள் கீழே பெரிதாகவும் முகட்டை நோக்கிப் போகப் போகச் சிறிதாகவும் அடுக்கியிருப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். 1877-இல் கட்டடக் கலைஞர் பிலிப் வெப்போடு சேர்ந்து பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அவர்களுடைய கொள்கை லேசானது: முழுதாகப் புதுப்பிக்காதே, பழுதை மட்டும் பார், பார்த்த பழுதை மறைக்காதே. கல் உதிர்ந்த இடத்தில் தட்டை ஓடுகளை அடுக்கி அடைத்த சுவர்களை நான் கண்டிருக்கிறேன். தூரத்தில் கண்ணை உறுத்தாது, கிட்ட வந்தால் இது பின்னாள் வேலை என்று எவருக்கும் தெரியும்.

உங்கள் வீட்டுக்கு முதலில் ஈரத்தின் காரணத்தைப் பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்திருக்கிறதா, வெளியே மண் சுவரடியில் உயர்ந்திருக்கிறதா, தாழ்வாரத்து ஓடு விலகியிருக்கிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதி ஈரம் நிற்கும். பிறகு உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து, மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. வெயிலில் சட்டென்று காயவிடாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். மேசன் அவசரப்பட்டால், அவருக்கு மேலதிக நாட்களுக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். சீமெந்தைவிட அது மலிவு.

கேள்வி: பழைய வீட்டை அப்படியே கழற்றி வேறு இடத்தில் பூட்ட முடியுமா?
(பொறியியல் மாணவர், இரத்மலானை)

மரச்சட்ட வீடென்றால் முடியும். லங்காஷயரின் அகக்றொவ்ட் ஹோல் என்ற, டியூடர் அரசர் காலத்து மேனர் வீடு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது. 1925-இல் ஏலத்தில் விற்று, கழற்றி, பெட்டிகளில் அடைத்து, கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வேர்ஜினியாவின் ரிச்மண்டில் பூட்டினார்கள். பழைய தச்சர்களும் சட்டத்தை முதலில் தரையில் படுக்கவைத்துப் பூட்டிப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலும் ரோம எண் வெட்டிவிட்டு, கழற்றிக் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார்கள். அந்த எண்களை இன்றும் தீராந்திகளில் காணலாம். கொழும்பிலும் நடந்திருக்கிறது: ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேஸில் கட்டிய ஈனா டி சில்வா வீட்டைக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கையில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மகனிடம் போகிறோம். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?
(தம்பதியர், கொழும்பு 6)

மகன் லண்டனில் என்றால் கென்டுக்குப் போங்கள். ஐட்டம் மோட்டும் பென்ஸ்ஹேர்ஸ்டும் கிட்டக்கிட்ட இருக்கின்றன, காரில் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். காலையில் பென்ஸ்ஹேர்ஸ்ட்: முதலில் தரையில் அடுப்பு, பிறகு கூரை, பிறகு கூரைவளைவுகளின் அடியில் நிற்கும் ஆளுயர மர உருவங்கள், கடைசியாகக் கீழ்முனை வாசல்கள். பின்னேரம் ஐட்டம் மோட்டில் அகழியைச் சுற்றி ஒருமுறை வெளியே நடந்துவிட்டு உள்ளே போங்கள். கல்லும் மரமும் செங்கல்லும் எந்தெந்த இடத்தில் மாறுகின்றன என்று அப்போதுதான் தெரியும். படிகள் தேய்ந்தவை, முழங்கால் நோ உள்ளவர்கள் கைபிடித்து ஏறுங்கள். திறந்திருக்கும் நாட்களை மகன் முன்கூட்டியே பார்த்து வைக்கட்டும். ஐட்டம் மோட், பழைய இடங்களைப் பராமரிக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்புக்குச் சொந்தம், மகனிடம் அவர்களுடைய அங்கத்துவ அட்டை இருந்தால் அவருக்கு அங்கே செல்லும். பென்ஸ்ஹேர்ஸ்ட் 1552 முதல் சிட்னி குடும்பத்தாரின் வீடு, அதற்கு எல்லாரும் தனியாக ரிக்கற் எடுக்கவேண்டும்.